மூழ்கியது கப்பலா, மூன்றாம் வகுப்பா?

"கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே" என்பது நம் முன்னோர் வாக்கு. கப்பல் கவிழ்ந்த கதையை வைத்துக்கொண்டு கன்னத்தில் கை வைக்காமல் பாட்டுக் கட்டினார்கள், நியூயார்க் நாடகக்காரர்கள். 'டைட்டானிக்' என்றே அந்த இசை நாடகத்துக்குப் பெயர் வைத்தார்கள். 1997ஆம் ஆண்டு ஏப்ரல் 23ந் தேதி பிராட்வேயில் திரை தூக்கினார்கள். கதையும் வசனமும் பீட்டர் ஸ்டோன். பாட்டும் இசையும் மாரி யெஸ்டன். அதே பெயரில் வந்து உலகத்தையே கண்ணீர் சிந்த வைத்த சினிமா அதற்கு எட்டு மாதம் பிந்திப் பிறந்தது என்பதை நம்மில் பலர் அறிய மாட்டோம்.

நாடகத்தைப் பற்றிய செய்தி முதலில் வெளிவந்தபோது சிரிக்காதவர்கள் குறைவு. "ஆயிரத்து ஐந்நூறு பேர் செத்த விபத்தில் பாட்டு என்ன, கூத்து என்ன?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வியாகத்தான் தோன்றும். ஆனால் இழவு வீட்டில் பாட்டு கூடாது என்று நாம் சொல்ல முடியுமா? ஒப்பாரியே பாட்டுத்தானே! பேச்சு தடுமாறும் இடத்தில்தான் பாட்டுக்கு வேலை வருகிறது. ஆகவே பாடலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. யாரைப் பாட வைப்பது, எதற்காகப் பாட வைப்பது என்பதே கேள்வி.

மூழ்க மறுத்த கப்பல்

பிராட்வே முதலாளிகள் செலவுக்கு அஞ்சவில்லை. ஒரு கோடி டாலர் வரையில் கொட்டினார்கள். தளத்தின் மேல் தளமாக மேடை எழுந்தது. இயந்திர விசையால் மேடையே சாய வேண்டும் என்று ஏற்பாடு. வேடிக்கையைக் கேளுங்கள்! முன்னோட்டக் காட்சிகளின்போது இயந்திரம் மக்கர் செய்தது. கடலில் மூழ்கவே மூழ்காது என்று பெயர் வாங்கிய கப்பல் முதல் பிரயாணத்திலேயே மூழ்கிவிட்டது. மேடையில் மூழ்கியே ஆக வேண்டிய கப்பலோ மூழ்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. நகரமே சிரித்தது.

பிறகு கோளாறு சரி செய்யப்பட்டது. அந்த ஆண்டின் சிறந்த இசை நாடகம் என்பது உட்பட ஐந்து டோனி பரிசுகள் கிடைத்தன. 1999 மார்ச் வரையில் 804 முறை நடந்தது. ஆகவே நாடகம் தோற்றது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் நாம் கேட்பது இதுதான்: கப்பலை மூழ்கடிக்க அத்தனை பாடு எதற்கு?

கப்பல் மூழ்கும் என்பது டிக்கட் வாங்குவதற்கு முன்பே நமக்குத் தெரியும். 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ந் தேதி இரவு 11 மணி 40 நிமிஷத்துக்குப் பனிப்பாறை இடித்தது; விடியற்காலை 2 மணி 20 நிமிஷத்துக்குக் கப்பல் மறைந்தது. இதில் திடுக்கிட என்ன இருக்கிறது? நமக்குத் தெரியாதது வேறொன்று. இடைப்பட்ட அந்த இரண்டு மணி நாற்பது நிமிஷத்தில் யார் எந்தப் படியில் நின்றார்கள் என்பது. மேடை காட்ட வேண்டியது தண்ணீரை அல்ல, படிக்கட்டை!

ஒரே கப்பல், மூன்று உலகங்கள்

டைட்டானிக்கில் ஒரு குடும்பத்தின் பிரயாணத்துக்கு 500 பவுனுக்கு மேல் கொடுத்த சீமாட்டியும் இருந்தார். ஏழெட்டுப் பவுனுக்கு ஒரு மூலையில் இடம் பிடித்த அயர்லாந்துப் பெண்களும் இருந்தார்கள். மூன்றாம் வகுப்புக்காரர்களின் அறைகள் கப்பலின் இரு கோடிகளில், கீழ்த்தளங்களில். உயிர் காக்கும் படகுகளோ உச்சித் தளத்தில், மேல் வகுப்பார் காற்று வாங்கும் இடத்தில். குடியேற வருகிறவர்களை மற்றவர்களோடு கலக்க விடக்கூடாது என்று அமெரிக்கச் சட்டம். ஆகவே நடுவில் தடுப்புகள், நடைபாதைகள், திருப்பங்கள்.

படகுகள் எத்தனை? இருபது. அவற்றில் ஏறக்கூடியவர்கள் 1,178 பேர். கப்பலில் இருந்தவர்கள் 2,200 பேருக்குக் குறையாது. இது சட்டத்தை மீறிய செயலா என்றால், இல்லை! பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்குப் பதினாறு படகு போதும் என்றது அன்றைய பிரிட்டிஷ் விதி. டைட்டானிக் 46,000 டன்னையும் தாண்டியது. கப்பல் வளர்ந்தது, விதி வளரவில்லை.

பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை தந்த கணக்கு இது: முதல் வகுப்பில் 325 பேரில் 203 பேர் பிழைத்தனர். இரண்டாம் வகுப்பில் 285 பேரில் 118 பேர். மூன்றாம் வகுப்பில் 706 பேரில் 178 பேர். கப்பல் சிப்பந்திகள் 885 பேரில் 212 பேர். முதல் வகுப்புப் பெண்கள் 144 பேரில் இறந்தவர்கள் நால்வர். மூன்றாம் வகுப்புப் பெண்கள் 165 பேரில் இறந்தவர்கள் 89 பேர். இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 24 பேரும் பிழைத்தனர். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79 பேரில் 52 பேர் மாண்டனர். "பெண்களும் குழந்தைகளும் முதலில்" என்ற கட்டளை கீழ்த்தளத்துக்கு இறங்கி வருவதற்குள் இளைத்துப் போய்விட்டது போலும்!

கேட்கப்படாத சாட்சிகள்

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. லண்டனில் மெர்சி பிரபு தலைமையில் விசாரணை நடந்தது. 1912 மே மாதம் தொடங்கி ஜூலை வரை 36 நாள் உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய நூறு சாட்சிகள். கேட்ட கேள்விகள் 25,000க்கு மேல். இவர்களில் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள் எத்தனை பேர்?

ஒருவர்கூட இல்லை!

பிரயாணிகள் என்று கூண்டில் ஏறியவர்கள், கப்பல் கம்பெனித் தலைவர் இஸ்மேயை விட்டால், சர் காஸ்மோ டஃப் கார்டனும் அவர் மனைவியுமே. நாற்பது பேர் ஏறக்கூடிய படகில் பன்னிரண்டு பேராகத் தப்பியவர்கள் அவர்கள். அந்தப் பன்னிரண்டில் ஏழு பேர் சிப்பந்திகள். அவர்களுக்குத் தலைக்கு ஐந்து பவுன் கொடுத்தது எதற்காக என்று விளக்கம் சொல்லத்தான் அவர்களும் வந்தார்கள்.

மூன்றாம் வகுப்பின் சார்பில் வக்கீல் ஒருவர் ஆஜரானார். பணியாள் ஜான் ஹார்ட் சாட்சி சொன்னார். கீழ்த்தளத்துப் பெண்களையும் குழந்தைகளையும் இரண்டு தடவையாகக் கூட்டிக்கொண்டு படிப்படியாக மேலே ஏற்றிவிட்ட மனிதர் அவர். அவர் பேசியது சரி. ஏறிவந்தவர்கள் பேசவில்லையே!

கடைசியில் அறிக்கை என்ன சொல்லிற்று? மூன்றாம் வகுப்பாரிடம் யாரும் பாரபட்சம் காட்டவில்லை என்றது. அவர்கள் கப்பலை விட்டுப் போகத் தயங்கினார்களாம். மூட்டை முடிச்சுகளை விட மனமில்லையாம். இருந்த இடத்திலிருந்து அவர்களை மேலே கொண்டுவருவதும் கஷ்டமாம். தயங்கினாயா என்று தயங்கியவனைக் கேட்காமலே எழுதிய தீர்ப்பு இது.

கடலுக்கு அப்பால் அமெரிக்க செனட் விசாரணை மூன்றாம் வகுப்பாரில் மூவரைக் கேட்டது. மூவரும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாலுமி ஒருவன் கதவைப் பூட்டியதையும், பிரயாணி ஒருவர் பூட்டை உடைத்ததையும் சொன்னார் டேனியல் பக்லி என்ற அயர்லாந்து இளைஞர். தாம் பார்த்த வரையில் யாரும் யாரையும் தடுக்கவில்லை என்றார் மற்றொருவர். இருவரும் உண்மையே சொல்லியிருக்கலாம். பெரிய கப்பல், ஒரு கதவு பூட்டியிருக்கும், ஒரு கதவு திறந்திருக்கும். நூறு பேரைக் கேட்டிருந்தால் நூறு கதவுகளின் கதை தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

இசை நாடகத்தின் கடமை இங்கேதான் பிறக்கிறது. விசாரணை மன்றம் கூப்பிடாத சாட்சியை மேடை கூப்பிட வேண்டும். கப்பலை மூழ்கடிப்பதற்கு இயந்திரம் வேண்டும். இதற்கு ஒரு பாட்டும் ஒரு விளக்கும் போதும்.

வேலைக்காரி ஆக வேண்டும் என்ற கனவு

யெஸ்டனும் ஸ்டோனும் இதை உணர்ந்தவர்கள் என்றே சொல்ல வேண்டும். அயர்லாந்துப் பெண்கள் மூவர் வருகிறார்கள். மூவருக்கும் கேட் என்றே பெயர். மற்ற மூன்றாம் வகுப்பாரோடு சேர்ந்து அமெரிக்கா போய் என்ன ஆவோம் என்று பாடுகிறார்கள். ஒருத்திக்குச் சீமாட்டியிடம் பணிப்பெண்ணாக வேண்டும். இன்னொருத்திக்குச் செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். மற்றொருத்திக்குத் தையல் வேலை. மாட மாளிகை கேட்கவில்லை, மகுடம் கேட்கவில்லை. மேல்தளத்தில் மணி அடித்தால் ஓடிவரும் வேலைதான் கீழ்த்தளத்தின் பெருங்கனவு! வசதி படைத்தவர் இதைக் கேட்டால் சற்றே தலை குனியத்தான் வேண்டும்.

கரி அள்ளிப்போடும் பாரெட் தந்தி அறைக்கு வந்து, ஊரில் இருக்கும் காதலிக்குக் கல்யாணப் பேச்சை வானொலித் தந்தியில் அனுப்பச் சொல்கிறான். இரண்டாம் வகுப்பில் ஆலிஸ் பீன் என்றொரு கடைக்காரர் மனைவி. முதல் வகுப்புச் சீமான்களின் பெயர்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். எப்படியாவது அவர்களோடு ஒரு சுற்று ஆடிவிட வேண்டும் என்று ஆசை. நடுத்தர வர்க்கத்தின் மனசை இவ்வளவு செல்லமாகவும் இவ்வளவு கடுமையாகவும் கிள்ளிவிட்ட பாத்திரம் அரிது. மேலே பார்த்துக்கொண்டே நடக்கிற அவளுக்குக் கீழே ஒரு தளம் இருப்பது கண்ணிலேயே படுவதில்லை. நம்மில் எத்தனை ஆலிஸ்கள்!

ஆனால் எழுதியவர் ஒன்று நினைக்க, மேடை ஏற்றுபவர் வேறொன்று செய்யலாம். ஏழை என்றால் பிடில் வாசித்துக்கொண்டு குதித்து ஆடுகிறவன் என்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. மேலே பணக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விருந்து சாப்பிடுவார்கள்; கீழே ஏழைகள் ஆனந்தமாகத் தாளம் போடுவார்கள். இப்படிக் காட்டினால் பார்ப்பவர் மனம் லேசாகிவிடும். "பாவம், ஏழையானாலும் சந்தோஷமாக இருந்தார்கள்" என்று வீடு போய்ச் சேரலாம். இது சாட்சி அல்ல, சாட்சியைக் கலைப்பது.

இன்னொரு வாய்ப்பாடு வில்லனைத் தேடுவது. பணக்காரன் எல்லாம் கொடியவன், ஏழை எல்லாம் தியாகி என்று பிரித்துவிட்டால் வேலை சுலபம். உண்மை அவ்வளவு சுலபமாக இல்லை. இரண்டாம் வகுப்பு ஆண்கள் 168 பேரில் பிழைத்தவர்கள் 14 பேரே. மூன்றாம் வகுப்பு ஆண்களைவிட இவர்கள் நிலை மோசம். நியூயார்க்கின் பெரிய வியாபாரி இசிடோர் ஸ்ட்ராஸ் பெண்களுக்கு முன் படகில் ஏற மறுத்தார். அவர் மனைவி ஐடா அவரை விட்டுப் போக மறுத்தார். இருவரும் சேர்ந்தே போனார்கள். அவர்களுக்கு நாடகத்தில் ஓர் அழகான பாட்டு உண்டு, இருக்கவும் வேண்டும். ஒரு கொடியவன் கதவைப் பூட்டினான் என்றால் அந்தக் கொடியவனோடு குற்றம் முடிந்துவிடும். நல்லவர்களே எழுதிய விதி, நல்லவர்களே கட்டிய சுவர், நல்லவர்களே போட்ட பூட்டு என்று காட்டினால்தான் சபையில் உட்கார்ந்திருப்பவருக்கு உறைக்கும்.

வாத்தியக்காரர்கள் எந்த வகுப்பு?

இசை நாடகம் என்பதால் இசைக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாலஸ் ஹார்ட்லி தலைமையில் எட்டுப் பேர். கப்பல் சாய்ந்துகொண்டிருக்கும்போதும் வாசித்தார்கள் என்பது உலகறிந்த கதை. எட்டுப் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவாக யாரும் அறியாத கதை.

அவர்களை வேலைக்கு அமர்த்தியது லிவர்பூலில் இருந்த ஓர் ஏஜென்ஸி. கப்பலில் இரண்டாம் வகுப்பு டிக்கட்டில் ஏற்றப்பட்டார்கள். குடும்பத்தார் நஷ்டஈடு கேட்டபோது, "அவர்கள் எங்கள் சிப்பந்திகள் அல்ல, பிரயாணிகள்" என்றது கப்பல் கம்பெனி. பிடில் வாசித்த ஜாக் ஹ்யூமின் தகப்பனாருக்கு ஏஜென்ஸி ஒரு கடிதம் எழுதிற்று. இரங்கல் கடிதம் அல்ல. மகனுடைய சீருடைக்கு வரவேண்டிய பாக்கி! வாசிக்கும்போது வேலைக்காரன், செத்த பிறகு பிரயாணி. எந்த வகுப்பிலும் இடமில்லாத வகுப்பு அது.

மற்றச் சிப்பந்திகள் கதையும் இதுவே. கப்பல் மூழ்கிய நேரத்தோடு அவர்கள் சம்பளம் நின்றது; அன்றைய சட்டம் அப்படி. பிணங்களைத் தேடிச் சென்ற 'மெக்கே பென்னட்' என்ற கப்பலில் முதல் வகுப்பு உடல்களுக்குச் சவப்பெட்டி. மற்ற வகுப்புகளுக்குக் கித்தான் பை. சாவு எல்லோரையும் சமமாக்கும் என்பார்கள். இங்கே சாவுக்குப் பிறகும் டிக்கட் பார்த்தார்கள்!

இருபது பேர் போதும்

2013ஆம் ஆண்டில் லண்டனில் ஓர் அதிசயம் நடந்தது. சதர்க் பிளேஹவுஸ் என்ற சின்ன அரங்கில் தாம் சதர்லாந்து என்ற டைரக்டர் இதே நாடகத்தை வெறும் இருபது நடிக நடிகையரை வைத்து மேடை ஏற்றினார். கோடி டாலர் இல்லை. தளத்தின் மேல் தளமாக எழும் பிரமாண்ட மேடை இல்லை. இடமும் குறைவு, பணமும் குறைவு. ஆகவே ஒரே நடிகர் பல வேஷம் போட வேண்டியதாயிற்று.

ஏழ்மையால் வந்த இந்த ஏற்பாடுதான் நாடகத்தின் உயிரைப் பிடித்துக்கொடுத்தது என்பது நம் கருத்து. சற்று முன் மேல்தளத்தில் விலையுயர்ந்த கோட்டு அணிந்து நின்ற மனிதனே, கோட்டைக் கழற்றிவிட்டுத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு கீழ்த்தளத்தில் வருகிறான். அதே முகம், அதே குரல், அதே உயரம். மாறியது துணி ஒன்றே. பிழைப்பதும் சாவதும் அந்தத் துணியைப் பொறுத்தது! எத்தனை பக்கம் வசனம் எழுதினாலும் இதை இவ்வளவு துலக்கமாகச் சொல்ல முடியுமா?

மூழ்குவதைக் காட்டவும் பெரிய இயந்திரம் அவசியமில்லை என்பதற்கு நாடகத்திலேயே சாட்சி உண்டு. தூக்கம் கலைந்து முதல் வகுப்புக் கூடத்தில் கூடியிருக்கிறார்கள் சீமான்கள். ஆபத்து ஒன்றுமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அப்போது பரிமாறும் தள்ளுவண்டி ஒன்று, தொடுவார் யாருமின்றித் தானாக மெல்ல உருண்டு போகிறது. அவ்வளவுதான்! சபை மூச்சை அடக்கிக்கொள்கிறது. ஒரு தள்ளுவண்டி செய்யும் வேலையைக் கோடி டாலர் செய்யாது.

"காசு கொடுத்து வருகிறவன் பிரமாண்டத்தைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும்தான். ஆனால் பிரமாண்டத்தைச் சினிமா காட்டிவிட்டது. அதனோடு மேடை போட்டி போட்டால் தோற்கும். நம் எதிரே மூச்சு விடும் மனிதனை நிறுத்துவது மேடையின் பலம். அந்தப் பலத்தை மூன்றாம் வகுப்புக்குக் கொடுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

இன்றும் இரண்டு கப்பல்கள்

நூறு வருஷத்துக் கதை நமக்கு எதற்கு என்று நினைக்கலாம். 1914ஆம் ஆண்டிலேயே எல்லாருக்கும் படகு வேண்டும் என்று சர்வதேச ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது. நல்லதுதான். ஆனால் 2023 ஜூன் மாதத்தை மறந்துவிடக் கூடாது. 14ந் தேதி கிரீஸ் நாட்டுக் கரைக்கு அப்பால் கடலில் 'அட்ரியானா' என்ற மீன்பிடிக் கப்பல் கவிழ்ந்தது. பிழைப்புத் தேடிப் போன நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மீட்கப்பட்டவர்கள் 104 பேர். அவர்களில் பெண் ஒருத்தியும் இல்லை. நான்கு நாள் கழித்து, இதே டைட்டானிக்கின் சிதைவைப் பார்க்க 'டைட்டன்' என்ற நீர்மூழ்கியில் இறங்கிய ஐவரைக் காணோம். உலகப் பத்திரிகைகள் எதைப் பற்றி மணிக்கு மணி எழுதின? எந்தக் கடலில் தேடப் பல நாட்டுக் கப்பல்களும் விமானங்களும் விரைந்தன?

அந்த ஐவரின் சாவும் துயரமே. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் அந்த ஐவரின் பெயர்கள் நமக்குத் தெரியும். 'அட்ரியானா'வில் போனவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

இதனால்தான் சொல்கிறோம்: இந்த நாடகத்தை எந்த ஊரில் யார் மேடை ஏற்றினாலும், முதலில் கப்பலைக் கட்டாதீர்கள். முதலில் கீழ்த்தளத்துக்குப் போங்கள். அங்கே இருப்பவர்களுக்குப் பெயர் இருக்கட்டும், ஊர் இருக்கட்டும், ஆசை இருக்கட்டும். பிறகு மேலே போகும் படிக்கட்டைக் கட்டுங்கள். அதில் எத்தனை படி, எத்தனை கதவு என்று பார்ப்பவர்கள் எண்ணும்படி கட்டுங்கள். கப்பல் தானாகவே மூழ்கும்.

லண்டன் விசாரணை 25,000 கேள்வி கேட்டது. கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று: "அம்மா, நீ எந்தப் படி வரைக்கும் வந்தாய்?" அந்தக் கேள்வியை மேடையாவது கேட்கட்டும்.